விடுபடும் ஏழாம் வேற்றுமை: முடக்குவாத ஆய்வும் 'எலிகளில்' என்ற சொல்லும்

முடக்குவாதத்துக்குப் புதிய எதிர்ப்பொருள் சிகிச்சை கண்டறியப்பட்டதாக அவ்வப்போது செய்தி வெளியாகிறது. தலைப்பில் 'மூட்டு நோய்க்குத் தீர்வு' என்று இருக்கும். படிப்பவர் பெரும்பாலும் எட்டாத கடைசிப் பத்தியில், ஆய்வு எலிகளில் நடந்தது என்ற தகவல் இருக்கும். சில செய்திகளில் அதுவும் இராது. 'எலிகளில்' என்ற சொல்லின் ஈற்றில் நிற்பது ஏழாம் வேற்றுமை உருபு. ஒரு செயல் எங்கே நிகழ்ந்தது என்று காட்டுவது அதன் பணி. அது விடுபட்டால், ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு குறிப்பிட்ட எலியினத்தில் நிகழ்ந்த ஒன்று, எங்கும் எவருக்கும் பொருந்தும் உண்மையாகத் தோற்றம் கொள்கிறது.

இந்தக் குறையை ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற ஆய்வாளர் 2019-இல் ட்விட்டரில் எளிய முறையில் அம்பலப்படுத்தினார். மிகைப்படுத்திய அறிவியல் செய்திகளைப் பகிர்ந்து, 'எலிகளில்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரை மட்டும் மேலே சேர்த்தார். பலரும் சிரித்தனர், இதழாளர்களைக் குறை கூறினர். ஆனால் 2021-இல் பிளாஸ் பயாலஜி இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு குறையின் ஊற்றுக்கண்ணை வேறிடத்தில் காட்டியது. அல்சைமர் நோய் குறித்த எலி ஆய்வுகளை அது எடுத்துக்கொண்டது. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் எலி குறிப்பிடப்படாதபோது, செய்தித் தலைப்பிலும் அது குறிப்பிடப்படாமல் போவதே மிகுதி என்று கண்டது. அதாவது, உருபை முதலில் விடுபவர் இதழாளர் அல்லர், ஆய்வாளர்.

முடக்குவாத ஆய்வின் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளை இந்தக் கண்ணோட்டத்தில் படித்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. விலங்கு மாதிரிகள் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்கின்றன. கேள்வியை மறைத்து விடையை மட்டும் எழுதும் ஆய்வுமொழிதான் நோயாளியையும், ஆய்வையும், அதற்காக உயிர் துறக்கும் விலங்கையும் ஒருசேர ஏமாற்றுகிறது.

முதலில் 'மாதிரி' என்ற சொல். ஆங்கிலத்தில் 'மாடல்' என்று வழங்குவதைத் தமிழ் 'மாதிரி' என்கிறது. இந்தச் சொல் தன்னளவிலேயே ஓர் எச்சரிக்கையைச் சுமக்கிறது. 'அப்பா மாதிரி' என்றால் அப்பா அல்லர் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது. மாதிரி வினாத்தாளில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் தேர்விலும் அப்படியே வாங்குவார் என்று எந்த மாணவரும் நம்புவதில்லை. அதற்காக மாதிரி வினாத்தாளை வீண் என்று எவரும் எறிவதுமில்லை. அது பாடத்தின் எந்தப் பகுதியைச் சோதிக்கிறது என்று அறிந்தே பயன்படுத்துகிறார்கள். அந்த நடைமுறை அறிவு ஆய்வுச் சுருக்கங்களுக்குள் நுழையும்போது மட்டும் காணாமற்போகிறது.

முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் மூட்டுகளையே தாக்கும் நோய். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவரையோ அதற்குச் சற்றுக் குறைவான விகிதத்தினரையோ அது பாதிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. பல்லாண்டுகள் நீடிக்கும். இந்த நோய் சுண்டெலிக்கு இயல்பாக வருவதில்லை, வரவழைக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் முறை கொலாஜன் தூண்டிய மூட்டழற்சி. குருத்தெலும்பில் உள்ள இரண்டாம் வகைக் கொலாஜனை எலிகளுக்குச் செலுத்தி மூட்டழற்சி உண்டாக்கலாம் என்று 1977-இல் காட்டப்பட்டது. 1980-இல் அது சுண்டெலிகளிலும் நிறுவப்பட்டது. கொலாஜன் தனியே செல்வதில்லை. கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகள் கலந்த 'ஃபிராய்ண்டின் முழுத் துணையூக்கி' என்ற எண்ணெய்க் குழம்பில் சேர்த்துச் செலுத்தப்படுகிறது. டிபிஏ/1 என்ற உள்ளினச் சுண்டெலி இதற்கு எளிதில் ஆட்படும். பெரும்பாலும் ஆண் சுண்டெலிகளே பயன்படுகின்றன. சில வாரங்களில் பாதம் வீங்கும். பின்னர் வீக்கம் தானாகவே தணியத் தொடங்கும்.

இந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றும் மனித நோயிலிருந்து ஒரு விலகல். பெண்களை மிகுதியாகத் தாக்கும் நோய்க்கு ஆண் விலங்கு. வாழ்நாள் நோய்க்குச் சில வார நோய். தொடங்கிய நாள் எவருக்கும் தெரியாத நோய்க்கு, ஊசி போட்ட நாள் நாட்குறிப்பில் பதிவான நோய். போதாததற்கு, தமிழ்ச் செய்திகளில் 'எலி' என்ற ஒரே சொல் சுண்டெலிக்கும் பெரிய ஆய்வக எலிக்கும் வழங்கிவிடுகிறது. துணையூக்கியை மட்டும் செலுத்தினாலே மூட்டழற்சி கொள்வது பெரிய எலி. சுண்டெலி அவ்வளவு எளிதில் கொள்வதில்லை. விலகல்கள் இருப்பது குற்றமன்று. மாதிரி என்றாலே விலகல் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

சரியாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு எலி எவ்வளவு பெரிய விடை தரும் என்பதற்குச் சிறந்த சான்று டிஎன்எஃப் வரலாறு. டிஎன்எஃப் என்பது அழற்சியை மூட்டிவிடும் சைட்டோகைன்களில் ஒன்று. இலண்டனில் ஃபியோனூலா பிரென்னன், மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோர் நோயாளிகளின் மூட்டுச்சவ்விலிருந்து எடுத்த செல்களை வளர்த்து ஆராய்ந்தனர். அச்செல்களில் டிஎன்எஃப்-ஐ எதிர்ப்பொருளால் தடுத்தால் ஐஎல்-1 என்ற மற்றொரு சைட்டோகைனின் உற்பத்தியும் குறைகிறது என்று 1989-இல் அறிவித்தனர். 1991-இல் கிரேக்க நாட்டின் ஜார்ஜ் கோலியாஸ் குழு மனித டிஎன்எஃப் மரபணுவைச் சுண்டெலிகளில் புகுத்தியது. அவற்றுக்கு மூட்டழற்சி தோன்றியது. மனித டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருள் அதைத் தடுத்தது. 1992-இல் ரிச்சர்ட் வில்லியம்ஸ், ஃபெல்ட்மன், மைனி ஆகியோர் கொலாஜன் தூண்டிய சுண்டெலிகளில் டிஎன்எஃப் எதிர்ப்பொருளைச் சோதித்தனர்.

இந்த மூன்றாம் கட்டுரையின் சுருக்கம் ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது. பாத வீக்கமும் மூட்டுத் திசுவின் சேதமும் குறைந்தன என்று அது சொல்கிறது. நோய் கண்ட சுண்டெலிகளின் விகிதம் குறையவில்லை என்பதையும், கொலாஜனுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளின் அளவு குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. நோய் தோன்றிய பின்னர் கொடுத்தபோதும் பயன் கிடைத்தது என்றும், மனித நோய்க்கு நெருக்கமான செய்தி அதுவே என்றும் தனியே எடுத்துக்காட்டுகிறது. எது குறைந்தது, எது குறையவில்லை, எப்போது கொடுக்கப்பட்டது ஆகிய மூன்றும் அங்கு உள்ளன. 1994-இல் லான்செட்டில் வெளிவந்த 73 நோயாளிகளின் பரிசோதனையில், போலி மருந்து பெற்ற 24 பேரில் 2 பேரும், இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை உயர்ந்த அளவில் பெற்ற 24 பேரில் 19 பேரும் நான்காம் வாரத்தில் முன்னேற்றம் கண்டனர். மனிதச் செல், மரபணு மாற்றிய சுண்டெலி, நோயூட்டிய சுண்டெலி என மூன்று மாதிரிகள் வெவ்வேறு கோணத்தில் ஒரே விடையைத் தந்ததால் கிடைத்த வெற்றி அது. இன்ஃப்ளிக்ஸிமாப் சுண்டெலியின் டிஎன்எஃப்-ஐப் பற்றிக்கொள்வதே இல்லை. 1992-இல் சுண்டெலிகளுக்குக் கொடுத்தது ஹாம்ஸ்டரில் உருவாக்கிய வேறோர் எதிர்ப்பொருள். 'எலியில் வென்ற மருந்து மனிதரிலும் வென்றது' என்று இக்கதையைச் சொல்வதும் ஆகவே பிழை. வென்றது மருந்தன்று, டிஎன்எஃப்-ஐக் குறிவைக்கலாம் என்ற கருதுகோள்.

'எப்போது' என்ற கேள்வி விடுபட்டால் நேர்வதற்குச் சிடி4 எதிர்ப்பொருள் சான்று. நோய் எதிர்ப்பு வினையை வழிநடத்தும் டி செல்களின் மேலுள்ள மூலக்கூறு சிடி4. கொலாஜன் செலுத்தும் காலத்திலேயே சிடி4 எதிர்ப்பொருளைக் கொடுத்தால் சுண்டெலிகளுக்கு மூட்டழற்சி வராமல் தடுக்கலாம் என்று 1985-இல் காட்டப்பட்டது. 1990-களின் நடுவில் நோயாளிகளிடம் நடந்த போலி மருந்து ஒப்பீட்டுப் பரிசோதனைகளில் சிடி4 எதிர்ப்பொருள் பயன் தரவில்லை. இரத்தத்தில் சிடி4 செல்கள் மட்டும் நெடுநாள் குறைந்து கிடந்தன. எலி ஏமாற்றிவிட்டதா? இல்லை. நோய் நிலைபெற்ற சுண்டெலிகளில் தனியே கொடுத்த சிடி4 எதிர்ப்பொருளுக்குப் பெரும் பயனில்லை என்பது 1994-இல் சுண்டெலி ஆய்விலேயே வெளிப்பட்டது. முதல் ஆய்வு விடை சொன்னது 'வருமுன் தடுக்கலாமா' என்ற கேள்விக்கு. மருத்துவமனைக்கு வருபவரோ நோய் வந்து ஆண்டுகள் கழிந்தவர். தடுத்தல் ஒரு வினை. தணித்தல் வேறொரு வினை. குணமாக்கல் மூன்றாவது வினை. மூன்றையும் தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகக் கையாள்வதை நடை வேறுபாடு என்று கொள்ள இயலாது. அது முடிவைத் திரிப்பதாகும்.

'எப்போது' என்பதைச் சரியாகக் கேட்டாலும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஐஎல்-17 எதிர்ப்பொருள், நோய் தோன்றிய பின்னர் கொடுத்தபோதும் சுண்டெலிகளின் மூட்டழற்சியைத் தணித்தது. முடக்குவாத நோயாளிகளிடம் அந்த வழி மருந்துகள் எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை. ஆனால் சொரியாசிஸ் சார்ந்த மூட்டழற்சியிலும் முதுகுத்தண்டு அழற்சியிலும் செக்கூகினுமாப் என்ற ஐஎல்-17 எதிர்ப்பொருள் நிலைபெற்ற சிகிச்சையாயிற்று. 'முடக்குவாத மாதிரி' என்று பெயரிட்ட சுண்டெலி காட்டியது மூட்டழற்சியின் ஒரு வழியை. அது எந்த மனித நோயின் வழி என்பதைப் பெயர்ப்பலகை முடிவு செய்துவிட முடியாது.

எல்லாவற்றிலும் கசப்பான பாடம் டிஜிஎன்1412. சிடி28 என்ற மூலக்கூறைப் பற்றி டி செல்களைத் தூண்டும் இந்த எதிர்ப்பொருளை முடக்குவாதத்துக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கும் பயன்படுத்தத் திட்டமிருந்தது. எலிகளுக்கென உருவாக்கிய இணையான எதிர்ப்பொருள் மூட்டழற்சியைத் தணித்தது. குரங்குகள் மனிதருக்குத் திட்டமிட்டதைப் போல் 500 மடங்கு அளவையும் தாங்கின. 2006 மார்ச் 13 அன்று இலண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் ஆறு நலமான தன்னார்வலர்களுக்கு அது செலுத்தப்பட்டது. சில மணி நேரத்தில் ஆறு பேரும் சைட்டோகைன் புயலில் வீழ்ந்து தீவிர சிகிச்சைக்குச் சென்றனர். அனைவரும் உயிர் பிழைத்தனர். ஒருவர் விரல்களை இழந்தார்.

பின்னர் தெரிய வந்தவை இரண்டு. பலமுறை கிருமிகளைச் சந்தித்துப் பழகிய நினைவு டி செல்கள் மனிதரிடம் மிகுதி. தூய்மையான கூண்டில் வளரும் ஆய்வக விலங்கிடம் அவை குறைவு. ஆய்வில் பயன்பட்ட குரங்கினத்தின் நினைவு டி செல்களில் ஒரு முக்கிய வகை சிடி28-ஐ இழந்திருந்தது. இவை பரவலாக அறிந்தவை. அடுத்தது அவ்வளவாகப் பேசப்படாதது: மனித இரத்தச் செல்களே கூட, கரைசலில் கலந்து கொடுத்த டிஜிஎன்1412-க்குப் பெரிய எதிர்வினை காட்டவில்லை. அதே எதிர்ப்பொருளைத் தட்டின் பரப்பில் உலரவைத்து ஒட்டிய பின்னரே அச்செல்கள் சைட்டோகைன்களை வெளியிட்டன. விலங்கு என்பதால் மட்டும் மாதிரி மௌனம் காப்பதில்லை. மனிதச் செல்லும் கேள்வி தவறினால் மௌனம் காக்கும்.

இந்தியாவுக்கு மிக நெருங்கிய பாடம் காசநோய். சுண்டெலிக்கு மூட்டழற்சியைத் தூண்டும் குழம்பில் இறந்த காசநோய்க் கிருமி இருந்தது. உயிருள்ள கிருமியை அந்தச் சுண்டெலி சந்திக்கவே இல்லை. நோயாளிகளிலோ பலர் அதைத் தம் உடலுக்குள் உறங்கும் நிலையில் சுமப்பவர்கள். டிஎன்எஃப் அந்தக் கிருமியைச் சுற்றி எழும் அரணைக் கட்டிக்காக்கும் பொருளும் ஆகும். இன்ஃப்ளிக்ஸிமாப் புழக்கத்துக்கு வந்த பின், அதைப் பெற்றவர்களில் காசநோய் கண்ட 70 பேரைப் பற்றிய அறிக்கை 2001-இல் வெளியானது. பெரும்பாலோர் மூன்று அல்லது அதற்குக் குறைவான தவணைகளிலேயே நோயுற்றிருந்தனர். விலங்கு ஆய்வு இதை முன்னறிவிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பிசிஜி கிருமி செலுத்திய சுண்டெலிகளில் டிஎன்எஃப்-ஐத் தடுத்தால் அந்த அரண் குலைகிறது என்று 1989-இலேயே காட்டப்பட்டிருந்தது. மூட்டுச்சவ்வுச் செல் ஆய்வு வந்த அதே ஆண்டு அது. டிஎன்எஃப் வினை தடைப்பட்ட சுண்டெலிகள் காசநோய்க்கு விரைந்து பலியாகின்றன என்று 1995-இல் காட்டப்பட்டது. ஒரு கூண்டின் சுண்டெலி மூட்டைப் பற்றிப் பேசியது; இன்னொரு கூண்டின் சுண்டெலி காசநோயைப் பற்றிப் பேசியது. 'டிஎன்எஃப் எதிர்ப்பொருள் முடக்குவாதத்தைக் குணப்படுத்துகிறது' என்ற முழுமையற்ற வாக்கியத்தில் இரண்டாவது சுண்டெலிக்கு இடமில்லை.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அடாலிமுமாப் என்ற டிஎன்எஃப் எதிர்ப்பொருளின் உயிரொப்பு மருந்து உலகிலேயே முதலில் விற்பனைக்கு வந்ததும் இந்தியாவில்தான், 2014 டிசம்பரில். இன்று இவ்வகை மருந்து தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனை செய்வது நடைமுறை. அந்த நடைமுறைக்கு விலையாக நோயுற்றவர்களை நினைத்தால், ஆய்வுச் சுருக்கத்தில் 'கிருமி தவிர்த்த கூண்டில் வளர்ந்த' என்ற நான்கு சொற்களுக்கு இடமில்லை என்று சொல்வது எளிதாக இராது.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வழக்கமாக எழும். முதலாவது: வல்லுநர்கள் இவற்றை ஊகித்துக்கொள்வார்கள், தலைப்பை நீட்ட வேண்டியதில்லை. ஆய்வுக் கட்டுரையைப் படிப்பவர் வல்லுநர் மட்டும் அல்லர். நிதி ஒதுக்கும் குழுவில் வேறு துறையினர் இருக்கிறார்கள். பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பைச் சுருக்கத்திலிருந்தே எழுதுகிறார்கள். விடிகாலை விரல் மடங்காமல் விழிக்கும் ஒரு பெண்ணின் மகள், அந்தச் செய்தியைக் கைப்பேசியில் காட்டி மருத்துவரிடம் 'இது எப்போது வரும்' என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பொறுப்பு மருத்துவருடையது மட்டுமன்று.

இரண்டாவது வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது: விலங்கு மாதிரியே காலாவதியானது, விட்டுவிடலாம். இந்திய அரசு 2023 மார்ச்சில் புதிய மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, விலங்கல்லாத சோதனை முறைகளுக்கும் இடமளித்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் ஒற்றைக்குல எதிர்ப்பொருள்களுக்கான விலங்குச் சோதனைக் கட்டாயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. விலங்கின் துன்பம் குறையும் எந்த மாற்றமும் வரவேற்கத்தக்கதே. ஆனால் 'எலி ஆய்வுகள் தோற்றன' என்ற வாக்கியமும் ஏழாம் வேற்றுமையை விட்ட வாக்கியம்தான். எந்த ஆய்வில், எந்தக் கேள்வியில் என்று அதுவும் சொல்வதில்லை. சில்லில் வளர்த்த மனிதத் திசுவும் ஒரு மாதிரியே. டிஜிஎன்1412-ஐத் தட்டில் ஒட்டாமல் கரைத்துப் பார்த்த பிழையை நாளை சில்லிலும் செய்யலாம். மொழியைத் திருத்தாமல் கருவியை மட்டும் மாற்றினால், பழைய மிகைக்கூற்று புதிய கருவியின் பெயரில் தொடரும்.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தமன்று. விலங்கு ஆய்வுகளை எவ்வாறு அறிக்கையிட வேண்டும் என்பதற்கு 'அரைவ்' நெறிமுறைகள் 2010 முதல் உள்ளன; 2020-இல் அவை திருத்தியும் வெளியிடப்பட்டன. அவை கேட்பவற்றில் நான்கை ஆய்வேட்டின் தலைப்புக்கும் சுருக்கத்தின் முதல் வரிகளுக்கும் கொண்டு வந்தால் போதும்: எந்த விலங்கு, நோய் எவ்வாறு தூண்டப்பட்டது, எதிர்ப்பொருள் எப்போது கொடுக்கப்பட்டது, எது அளக்கப்பட்டது. வினைமுற்றைப் பற்றியும் ஒரு சொல். 'தணிக்கிறது' என்ற நிகழ்காலம் ஒரு விதியை அறிவிக்கிறது. 'தணித்தது' என்ற இறந்தகாலம் ஒரு நிகழ்வைப் பதிவு செய்கிறது. ஓர் ஆய்வு தருவது நிகழ்வைத்தான். விலங்கு நெறிமுறைக் குழு எத்தனை விலங்குகள் தேவை என்று கேட்பதோடு, இந்த விலங்கு நோயாளியின் எந்தக் கட்டத்துக்கு மாதிரி என்ற கேள்வியையும் கேட்கலாம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளரும் அதையே கேட்கலாம். விடை தெரியாத ஆய்வுக்கு ஒரு சுண்டெலியும் மிகுதி.

'கொலாஜன் செலுத்தி மூட்டழற்சி தூண்டப்பட்ட ஆண் டிபிஏ/1 சுண்டெலிகளில், நோய் தோன்றிய பின் கொடுத்த எதிர்ப்பொருள் பாத வீக்கத்தைக் குறைத்தது.' இந்த வாக்கியம் நீளமானது. நாளிதழின் தலைப்புக்கு ஏற்றதன்று. ஆனால் இதில் ஒவ்வொரு சொல்லும் பொறுப்பேற்கிறது. இதைப் படிக்கும் மருத்துவருக்கு எதை நம்பலாம் என்று தெரியும். அடுத்த ஆய்வாளருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும். கைப்பேசியை நீட்டும் மகளுக்கும், நம்பிக்கை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்ல முடியும்.